வாசலில் விட்ட செருப்பு

இன்றைக்கும் யாராவது சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பேச்சு வராது. கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறது.

அங்கே சட்டை தைக்கிற கம்பெனி ஒன்றில் அம்மா நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முழுப்பரீட்சை லீவு. சைதாப்பேட்டை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிப் போயிருந்தாள்.

காலையிலேயே மெஷின்கள் திடீரென்று நின்றன. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஆபீசர் வந்துகினு கீறாரு. ரிஜிஸ்டர்ல பேர் இல்லாதவங்கல்லாம் மாடிக்குப் போங்க. செருப்ப எத்துக்கினு போங்க."

வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தாலே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதனால் இப்படி ஒரு பழக்கம். பெண்கள் செருப்பும் கையுமாகச் சத்தமில்லாமல் ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒடுங்கி உட்கார்ந்தோம். மாட்டினால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று ஒரு அக்கா முணுமுணுத்தாள். வந்திருப்பது போலீஸ், அம்மா எதையோ திருடியிருக்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அப்போதுதான் அம்மா என் வெறுங்காலைப் பார்த்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தவர் ஒல்லியாக இருந்தார். கையில் என் செருப்பு. இங்கே குழந்தைகளும் வேலை செய்கிறார்களா என்று கேட்டார். லீவுக்கு வந்த தன் பிள்ளை என்றாள் அம்மா. இவர்களெல்லாம் சாப்பிட வந்தவர்கள் என்றார் பின்னாலேயே வந்த சூப்பர்வைசர். ஒருத்தி கையிலும் டிபன் பாக்ஸ் இல்லை.

ஆபீசர் அம்மாவிடம் நாள் கூலி எவ்வளவு என்று கேட்டார். வாடகை கொடுக்கிற நாளில் அந்தக் கூலியைச் சொல்லித்தான் அம்மா அழுவாள். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பொத்தியது.

"கவர்மென்ட் இன்னா சொல்லுதோ, அத்த கரீட்டா குடுக்கறாங்க சார்."

"பயப்படாதம்மா. நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

அம்மா அதையே திரும்பச் சொன்னாள். அவர் மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து என் காலருகே செருப்பை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். அம்மா தொடவில்லை. அவள் பங்கையும் நானே தின்றேன். எதையும் சொல்லாமல் அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

அந்த மனிதர் லேபர் ஆபீசர், வந்ததே அம்மாவின் கூலிக்காகத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.