எடுக்கக் கூடாத ரிங்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் அலுவலகத்தில் தினமும் காலையில் ஒரு கருவி கூச்சல் போடும். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் எழுதும் நிரலை ஓட்டிப் பார்க்காமலேயே வரிவரியாகப் படித்து, இங்கே உடையலாம், அங்கே கவிழலாம் என்று எச்சரிக்கை தரும் மென்பொருள் அது. முக்கால்வாசி பொய். அந்த வகை எச்சரிக்கையையே மொத்தமாக அடைத்துவிடு என்பான் பக்கத்து மேசை மார்க்குஸ். எனக்குக் கை வராது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் மூடுவேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று அவன் நினைத்திருக்கலாம், நினைத்துவிட்டுப் போகட்டும்.

சிவகாசியில் வளர்ந்தவனுக்குச் சத்தம் கேட்டால் திரும்பாமல் இருக்கத் தெரியாது. டமார் என்றதும் தெருவே வாசலுக்கு வந்து, எந்தப் பக்கம் புகை என்று பார்க்கும். பெரும்பாலும் ஏதாவது கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்திருப்பார்கள். அதற்குள் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். சிரித்துக்கொண்டே உள்ளே போவோம். அடுத்த சத்தத்துக்கும் அதே ஓட்டம்தான். என் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேனில் அட்டைப்பெட்டி லோடு கொண்டுபோகிறவர். உள்ளே செல்போனுக்கு அனுமதியில்லை, கேட்டிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஆகவே அவர் போனை எடுக்கவில்லை என்றால், வேலையாக இருக்கிறார் என்றும் இருக்கலாம். நினைக்கக் கூடாததாகவும் இருக்கலாம்.

நான் விமானம் ஏறும் முன் அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "வெடிச்சத்தம் கேட்ட அன்னைக்கு, அத்தா வீட்டுக்கு வந்ததும் ஒரு ரிங் விடுறேன்லே. எடுத்துராத, காசு போயிரும்."

மார்க்குஸுக்கு இது விளங்கவே இல்லை. ஒரு தரம் அடித்து நின்ற போனைப் பார்த்து நான் சிரிப்பதைக் கண்டு, வீட்டாரோடு சண்டையா என்று பரிவாகக் கேட்டான். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதுதான் அந்த மணி என்று அரைகுறை ஜெர்மனில் விளக்கி, அத்தா என்ற சொல்லையும் கற்றுக்கொடுத்தேன்.

தீபாவளி சீசன் நேரத்தில் ஒரு நாள், ஊர் நண்பன் சாட்டில் எழுதினான்: நாரணாபுரத்தில் விபத்து, எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. ரிங் வரவில்லை. செல்லை மார்க்குஸ் கையில் திணித்து, ஒரு தரம் அடித்து நின்றால் ஓடி வா, எடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டு, காலிங் கார்டோடு கீழ்த்தளத்து போனுக்கு இறங்கினேன். முதல் தரம் எண்ணைத் தப்பாக அமுக்கினேன். அம்மா எடுக்கவில்லை. அத்தாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தடதடவென்று படியிறங்கி வந்தான் மார்க்குஸ். என் செல்லை உயர்த்திப் பிடித்திருந்தான்.

"அத்தா டா."

அவன் மொழியில் 'டா' என்றால் இதோ இருக்கிறார், வந்துவிட்டார் என்று பொருள். என் காதில் அது எங்கள் தெருக்காரன் எவனோ என்னைக் கூப்பிட்டதாகவே விழுந்தது. ஒரு கையால் அவனைக் கட்டிக்கொண்டேன். வெடித்தது பக்கத்துக் கம்பெனியாம். பதறி ஓடிய அத்தா போனை கேட்டிலேயே விட்டுவிட்டார் என்று அம்மா பிறகு சொன்னாள். நான் அவனைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் இன்னமும் என் மறு காதில், நாரணாபுரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து கேட்டின் பெட்டியில் யார் யார் போன்கள் அப்படி அடித்தனவோ. ரிசீவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.