காற்றடித்தால் போன் செய்பவர்

சங்கரலிங்கம் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது சோலார் கம்பெனிக்காரர். பக்கத்து வீட்டு சோலார் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அந்த அங்கிள் போய்விட்டாரே மேடம், வேறு இன்ஜினியர்தான் பார்க்க வேண்டும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

புனே பக்கத்துச் சிஞ்ச்வட் தமிழர்களுக்கு சாரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருநெல்வேலிக்காரர், தளேகாவ் தொழிற்சாலை ஒன்றின் கட்டடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், பிறகு கட்டட உறுதிச் சான்று எழுதித் தந்துகொண்டிருந்தார். என் வீட்டு மொட்டைமாடியில் பேனல்களை ஆள் நடக்கும் உயரத்தில் வைக்க ஆசைப்பட்டேன். துணி காயப்போட இடம் வேண்டாமா? அவ்வளவு உயரம் என்றால் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

பேனல்களை ஏற்றி முடித்ததும் இன்ஜினியருக்குப் போட்டோ அனுப்பினாலே போதும் என்றார் கம்பெனிக்காரர். சார் நேரில் வந்தார். வந்தவர் பேனல் பக்கம் திரும்பாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தார். "இந்த முக்குல யாரும் நிப்பாகளா?" என்று கேட்டார். ஸ்கூல் வேனுக்குப் பிள்ளைகள் நிற்பார்கள் என்றேன். "பேனல் கனத்துக்கு வீடு இடிஞ்சிராதும்மா. காத்து அடியில புகுந்து தூக்கிச்சுன்னா எங்க போயி விழும்னுதான் பாக்கேன்" என்றார். உயரத்தைக் குறைக்கச் சொன்னார். தாங்கிக் கால்களை, தளத்தைத் தாங்கும் கான்கிரீட் பீமின் மேலேயே பதிக்கச் சொன்னார். செய்த வேலையைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரர் மராத்தியில் முணுமுணுத்தார். நான் தமிழில் முணுமுணுத்தேன். எல்லாம் முடிந்தும் பேனாவைத் திறந்து மூடி, இன்னொரு தரம் மேலே போய்ப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு விட்டது என்று நினைத்தேன். மே மாதப் புழுதிக்காற்று கிளம்பியதும் போன் வந்தது. "போல்ட்டு எதுவும் லூசாயிருக்கான்னு பாத்துச் சொல்லும்மா." பிறகு காற்றடித்த போதெல்லாம் வந்தது. கையெழுத்திட்ட எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் பேசுவாராம். ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அதான் கையெழுத்துப் போட்டாச்சே சார், மறந்துட்டு நிம்மதியா இருங்களேன்" என்றேன். "போடாம இருந்திருந்தா மறந்திருப்பேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

சாருக்கு நடந்த இதய அறுவை சிகிச்சைக்குப் பின், மாடி ஏறக் கூடாது, கவலைப்படவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த வாரமே பலத்த மழைக்காற்று. பார்க்கப் போயிருந்த என்னிடம், மூச்சு வாங்கியபடி, "வீட்டுக்குப் போனதும் மாடிய ஒரு வீடியோ எடுத்து அனுப்புதியா?" என்றார். அவர் மனைவி கோமதி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணும் ஆகாத வீட்டை நெனச்சு நெனச்சு நீங்க படுத்துட்டீக. இது தேவையா?" என்றார். அக்கா சொன்னதுதான் சரி என்று அன்று எனக்குப் பட்டது. இத்தனை மொட்டைமாடிகளை ஒரு மனிதர் நெஞ்சில் சுமக்கத்தான் வேண்டுமா?

சார் போன பிறகும் அவர் தந்த சான்று செல்லும் என்று கம்பெனிக்காரர் தைரியம் சொன்னார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

போன வாரம் சாயங்காலம் காற்று கிளம்பியது. போன் அடித்தது. திரையில் சாரின் பெயர். பேசியது அக்கா. "வேற ஒண்ணுமில்ல தாயி. காத்து வீசுதுல்லா... அவுக கேப்பாகளேன்னு..."

போனோடு மாடிக்குப் போய் ஒவ்வொரு தாங்கிக் காலாகப் பிடித்து அசைத்தேன். தெருப் பக்கத்துக் கால் அசைந்தது. கீழே விளையாடிய பிள்ளைகளை வீட்டுக்குள் ஓடச் சொல்லிக் கத்தினேன். அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை.

"ஒண்ணு லூசா இருக்கு அக்கா."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. "அப்போ அவுக சும்மா பயப்படல" என்றார் அக்கா.

ஸ்பேனர் எடுக்கக் கீழே ஓடினேன். சாருடைய பயத்தை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.