எனக்கு வேண்டியது தர்மம் அல்ல, சம்பளம்

சபையாரே, நான் ஸ்தோத்திரம் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்தே சொல்வேன்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பட்டம் கட்டிய வருஷம் என் கணவர் காய்ச்சலில் இறந்தார். அடுத்த வருஷம், தாமிரபரணிக் கரைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருந்த என்னைச் சர்க்கார் இந்த ஊருக்கு மாற்றியது. இரண்டு பிள்ளைகளோடு வண்டி கட்டி வந்தேன். மாதம் முடிந்தது, சம்பளம் இல்லை. "ஒங்க பேரு எங்க பட்டியல்ல ஏறலம்மா. பழைய ஊர்ல போய்க் கேளுங்க" என்றார் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா. போனேன். "நீங்கதான் இங்கன இருந்து போயாச்சே, நாங்க எப்படிக் கொடுக்க?" என்றார் அந்த ஊர்க் குமாஸ்தா.

நான் கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று அந்தக் கச்சேரி இந்தக் கச்சேரிக்கு ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஒருவருக்கும் கை வரவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஒருநாள் வராவிட்டால் பிடித்தம் செய்ய மட்டும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும்!

பலசரக்குக் கடை அண்ணாச்சி கடனை நிறுத்தினார். என் மகள் பசியில் மயங்கி, நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பிலேயே விழுந்தாள். ஜெபக்கூட்டத்தில் சொல்லி அழுதேன். "பொறுமையா இருங்க, இது சோதனை" என்றீர்கள். சொன்னவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் சோறு இருந்தால் பொறுமை சுலபம்.

அன்று நான் முழங்கால் போடவில்லை. சமைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி போட்டுவைக்கும் பிடியரிசிப் பானை காலியாகக் கிடந்தது; அதைக் கவிழ்த்தேன். "ஆண்டவரே, உமக்குக் காது கேட்கிறதா? என் கூலி வரும்வரை உமக்கும் ஒரு பிடி கிடையாது" என்று நின்றபடியே சத்தம் போட்டேன். அதுதான் என் ஜெபம்.

சனிக்கிழமை பிடியரிசி வாங்க சபை உபதேசியாரின் மனைவி ஞானப்பூ அம்மாள் வந்தார். கவிழ்ந்த பானையைப் பார்த்தார். மற்ற வீடுகளில் சேர்த்த அரிசியை என் முறத்தில் கொட்டப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொட்டாதீங்க அக்கா. எனக்குத் தர்மம் வேண்டாம். வேலை செஞ்ச சம்பளம் வேணும்."

அவர் அரிசியைக் கீழே இறக்கிவைத்தார். பிறகு, "சரி, பிள்ளையளுக்கு மட்டும் கஞ்சி காய்ச்சு. திங்கக்கிழமை கச்சேரிக்குப் போவோம். அரிசி போட்ட வீட்டுப் பொம்பளையளையும் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார்கள். எல்லோரும் கச்சேரி வாசலில் உட்கார்ந்தோம். "இதென்ன சந்தையா? எந்திரிங்க!" என்று குமாஸ்தா கத்தினார். சத்தம் கேட்டுத் தாசில்தார் வெளியே வந்தார்.

"ஐயா, இந்த அம்மா தெனமும் பாடம் நடத்துதாங்க. ஊரே பாக்குது. ஒங்க பட்டியல்ல மட்டும் ஆளைக் காணும்" என்றார் ஞானப்பூ அம்மாள்.

"பழைய கச்சேரிக்கு எழுதிக் கேட்டீரா?" என்று தாசில்தார் குமாஸ்தாவைக் கேட்டார்.

"அவங்கல்லா எழுதி அனுப்பணும்" என்று இழுத்தார் குமாஸ்தா.

தாசில்தாரின் முகம் சிவந்துவிட்டது. குமாஸ்தாவை அங்கேயே நிற்கவைத்து, பழைய கச்சேரிக்குக் கடிதம் எழுத வைத்தார். அந்தக் கடிதம் தபால் பைக்குள் போகும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் நிலுவைச் சம்பளம் முழுவதும் வந்தது. தப்பு நடந்துவிட்டது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏதோ இனாம் தருவதுபோல் குமாஸ்தா எண்ணி வைத்தார். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, முழங்காலில் விழுந்து, ஆண்டவருக்குத்தான் அழுது அழுது சொன்னேன். சத்தம் போட்டவளை அவர் தள்ளிவிடவில்லை. கூட வந்து உட்காரப் பெண்களை அனுப்பினார்.

முன்பெல்லாம் கச்சேரிப் படியேறவே எனக்குப் பயம். இப்போது பயமில்லை. அதோ, கடைசியில் உட்கார்ந்திருக்கிறாரே, கால்வாய்க் காவல் பார்க்கும் தாவீது அண்ணன், அவர் பெயரும் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. தயவுசெய்து அவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசாதீர்கள். கர்த்தர் கேட்கிறார், நம்புங்கள். இதற்கு ஆமென் சொல்லுகிறவர்கள் நாளைக் காலை கச்சேரி வாசலுக்கு வந்துவிடுங்கள்.