வாசிப்புக் கூடத்தில் கூடிய சபை

வழிகாட்டுக் குழுவுக்கு அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவள் போகவே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டாள். மறுநாள் ஆளாளுக்கு வாழ்த்துச் சொன்னபோதுதான், வராதவர் தலையில் பொறுப்பைக் கட்டியிருக்கிறார்கள் என்று விளங்கியது.

பல்கலைக்கழகத்தில் இணையவழிப் பாடங்களைக் கவனிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. வீடியோ ஏறமாட்டேன் என்கிறது, மாணவர் அனுப்பிய விடைத்தாள் திறக்கமாட்டேன் என்கிறது என்று காலையிலிருந்து யாராவது போனில் புலம்பிக்கொண்டே இருப்பார்கள். இவளைப் போன்றவர்களும், கணினியை வகுப்புக்குள் கொண்டுவர ஆசைப்பட்ட ஆசிரியர்களும் சேர்ந்து, பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஒரு கல்வித் தொழில்நுட்பக் குழுமம் வைத்திருந்தார்கள். அதை நடத்துவதுதான் இந்த வழிகாட்டுக் குழு; எல்லோரும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடைத்தாலே பெரிது. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர், “காசு வாங்கிட்டுச் செய்யற என் வேலையிலயே ஆளுங்க டிமிக்கி குடுக்கறாங்க. நீ காசு குடுக்காம எப்படிம்மா ஆள் பிடிப்பே?” என்று சிரித்தார்.

அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கூட்டத்தில் பொதுவாக “யார் செய்வீங்க?” என்று கேட்டால் எல்லோரும் மேஜையைப் பார்ப்பார்கள். அதனால் தனித்தனியாகப் போன் செய்து, இன்னாருக்கு இன்ன வேலைதான் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் கொடுத்தாள். நூலகருக்கு அழைப்பிதழ் எழுதப் பிடிக்கும். வேதியியல் பேராசிரியருக்குக் குறை சொல்லப் பிடிக்கும். நிகழ்ச்சி நிரலைச் சரிபார்க்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தாள். மனிதர் ஒரு பிழை விடாமல் பிடித்துத் தள்ளினார்.

அந்த ஆண்டு குழுமத்தின் மாநாடு அவள் பல்கலைக்கழகத்திலேயே; அதற்கு வெளியூரிலிருந்து பெரிய நிபுணர் ஒருவர் பேச வருவதாக ஏற்பாடு. அவர் பெயரைப் போட்டதும் பதிவு செய்தவர்கள் குவிந்துவிட்டார்கள். அன்று காலை அரங்கம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேடைக்குப் பின்னால் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நிபுணரின் விமானம் ரத்து. போனிலேயே உரையைப் பேச வைக்கலாம் என்றால், விமான நிலையத்துக் கூச்சலில் அவர் குரலே விட்டுவிட்டுக் கேட்டது.

திரைச்சீலைக்குப் பின்னால் குழு கூடிக் குசுகுசுவென்று பேசியது. பழைய உரையின் பதிவு ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார் பேராசிரியர். லீவு போட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினால் குழுமத்தின் மானம் கப்பலேறும் என்பது அவர் கவலை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவள் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். சபை சும்மா இல்லை. முன்வரிசையில் ஒரு ஆள் திரும்பி உட்கார்ந்து, பின்னால் இருந்தவரிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் ஒருத்தி தன் போனை நீட்ட, சுற்றி நான்கு தலைகள் குனிந்திருந்தன.

“இவங்களையே பேச விடலாம் சார்,” என்றாள். “ஆளுக்கு ஒரு பிரச்சினை கொண்டு வந்திருப்பாங்க. அதையே பேசட்டும்.”

“இந்த நாற்காலி எல்லாம் தரையில முடுக்கி வச்சிருக்கும்மா. எப்படி வட்டமா உட்காருவாங்க?” என்றார் பேராசிரியர்.

நூலகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “நூலகத்துல வாசிப்புக் கூடம் இருக்கு. இங்க பசங்களுக்கு இப்போ விடுமுறை, யாரும் இல்ல. பெரிய பெரிய மேஜை. சாவி என்கிட்டதான்.”

வாழ்நாள் முழுக்க “உஷ்” சொல்லியே பேர் வாங்கியவர் அவர். அவரே இப்படிச் சொன்னதும் பேராசிரியரும் சரி என்று தலையாட்டினார். அவள் மேடையேறி உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு முணுமுணுப்பு எழுந்தது; சிலர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார்கள். மற்றவர்கள் அவள் பின்னால் நடந்தார்கள். முற்றத்தைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தாள்; ஊர்வலத்தின் வால் தெரியவில்லை.

முதலில் மேஜைகளில் தயக்கம்தான். பிறகு ஒரு கணக்கியல் விரிவுரையாளர், இணைய வகுப்பில் கேள்வி கேட்டால் கல்லைப் போட்ட கிணறு மாதிரி இருக்கிறது, ஒரு பயலும் வாய் திறப்பதில்லை என்று மனம் விட்டுச் சொன்னார். எதிரே இருந்த நர்சிங் கல்லூரி ஆசிரியை, தான் மாணவிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ் என்று போனிலேயே பேச வைத்து, அந்தப் பதிவை அனுப்பச் சொல்வதாகச் சொன்னார். கணக்கியல்காரர் துள்ளி எழுந்தார். “என் வகுப்புல ஒருத்தன் கடைக்காரன், ஒருத்தன் தணிக்கையாளர்!” பக்கத்து மேஜைக்காரர்கள் என்னவென்று திரும்பினார்கள். நாற்காலிகள் அங்கே இழுபட்டன. அதற்குப் பிறகு கூடத்தில் பேச்சு அடங்கவே இல்லை.

அவள் மேஜை மேஜையாக ஓடினாள். ஒரு மேஜையின் கேள்விக்கு இன்னொரு மேஜையில் விடை இருந்தது. கேட்டவரைக் கையைப் பிடித்து விடை இருந்த மேஜைக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பதே அவள் வேலையாகிவிட்டது. சாப்பாடு ஆறிக்கொண்டிருப்பதாக ஆள் வந்து சொல்லியும் யாரும் அசையவில்லை. அகராதி அலமாரியில் சாய்ந்தபடி, ஆய்வுக்கூடச் சோதனையை வீட்டுச் சமையலறையில் செய்துகாட்டுவது எப்படி என்று பேராசிரியர் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கிட்டே கூப்பிட்டு, “நான் சொன்னதைக் கேட்டிருந்தா கெட்டுது போ,” என்றார்.

சாயங்காலம் வெளியே வந்தபோது நர்சிங் ஆசிரியை படியில் காத்திருந்தார். “உங்க குழுவுல சேரணும்னா யாரைப் பார்க்கணும்?” அவருக்குப் பின்னால் கணக்கியல்காரரும் இன்னும் சிலரும் நின்றார்கள். இத்தனை நாளும் ஒவ்வொருவராகக் கெஞ்சி ஆள் சேர்த்தவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வேலை நிறைய இருக்கும், நன்றி குறைவாக இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னாள். யாரும் நகரவில்லை.

வீட்டுக்கு வந்தவள் தோள்பையைக்கூட இறக்காமல் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கணவர் மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டார். மகள் நடுவில் நடுவில் “அப்புறம்?” என்றாள். கணக்கியல்காரர் துள்ளியதை அவள் துள்ளியே காட்டினாள்.

“உட்கார்ந்து தண்ணியாவது குடி,” என்றார் கணவர்.

“இருங்க, இன்னும் பாதிகூட முடியல,” என்றாள் அவள்.