வெள்ளிக் கம்பி பதித்த சிமிழ்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. மோட்டாரில் மரத்தைச் சுழலவிட்டு, உளி பிடித்து உருட்டி எடுப்பதுதான் கடைசல் வேலை. கட்டில் கால், சப்பாத்திக் குழவி, தயிர் மத்து எல்லாம் என் கணவர் செய்வார். எங்கள் இருவர் வீட்டிலும் யாரும் மரத்தைத் தொட்டவர்கள் இல்லை. நெரவிப் பக்கம் நெல் போடுகிற குடும்பங்கள். அவர் மட்டும் வயலில் இறங்க மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு நாகப்பட்டினம் போய்த் தொழில் பழகி வந்தவர்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், நாகூரில் ஒரு நகைப்பெட்டி மூடியில் பித்தளைக் கம்பி பதித்திருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஓர் உடைந்த கட்டில் காலில் பழகினேன். மரத்தில் ஊசி உளியால் கோடு கீற வேண்டும். தட்டையாக்கிய கம்பியைக் குத்தாக நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். மரமே கம்பியைக் கவ்விக்கொள்ளும். என் விரலுக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. அதன்பிறகு குங்குமச் சிமிழ், பேனா வைக்கும் கூடு என்று அவர் கடைந்து கொடுப்பார், நான் கம்பி பதிப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் சொல்தா வீட்டம்மா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்தம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ரிக்‌ஷாவில் அவர்களுக்குப் பக்கத்தில், சாக்கில் சுற்றிய ஒரு மரக்கட்டை மனிதரைப்போல உட்கார்ந்திருந்தது.

"எங்க கொல்லைப் பூவரசு தம்பி. வேரு சுவத்தைப் பொளந்துட்டு. எங்க வீட்டுக்காரங்க மரத்துல கை வைக்காதன்னு வருஷக்கணக்கா ஒரே பிடிவாதம். கண் ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரி போனாங்க பாருங்க, அந்த வாரத்துல ஆளை விட்டு வெட்டிப்புட்டேன்" என்று சிரித்தார்கள்.

மகள் பிரான்சில் இருந்தாள். அங்கேயே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். அவளுக்கு அனுப்ப, இந்தக் கட்டையில் ஒரு பெரிய சிமிழ் வேண்டும், மூடியோடு, தேங்காய் அளவில். தன் பழைய கொலுசைத் தட்டாரிடம் கொடுத்துக் கம்பியாக இழுத்து வாங்கி வந்திருந்தார்கள். "இந்த மரத்துலதான் அவளுக்குத் தொட்டில் கட்டுனேன். சுத்தி வெள்ளிக்கொடி ஓடணும் தங்கச்சி" என்று கம்பிச் சுருளை என் கையில் வைத்தார்கள்.

பூவரசின் வைரம், அதாவது உள்மரம், சாக்லேட் நிறத்தில் அவ்வளவு அழகாக இருக்கும். என் கணவர் வெளிப்புறத்தைக் கடைந்து முடித்தபோது ஒரு பக்கத்தில் கருநீலமாய் ஒரு திட்டு தெரிந்தது. "வைரம் ஓடியிருக்கு" என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. உள்ளே குடைவதற்கு முன்பே கம்பி பதித்துவிட வேண்டும். கட்டை திடமாக இருந்தால்தான் சுத்தியல் அடியைத் தாங்கும். அந்தத் திட்டைச் சுற்றி வளைந்து போகிற மாதிரி கொடியை ஓட்டினேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை.

உள்ளே குடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்திருந்தேன். ஈரத் தலையோடு பட்டறைப் பக்கம் வரக்கூடாது என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மோட்டார் பெல்ட்டில் முடி சிக்கினால் தலைத்தோலோடு போய்விடும். ஆனால் அன்று சிமிழ் எப்படி வருகிறது என்று பார்க்கும் ஆசையில் முடியை விரித்தபடியே அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

டமார் என்று ஒரு சத்தம். உளியின் முனை உடைந்து அவர் காதோரமாகப் பறந்து சுவரில் பட்டுத் தெறித்தது. அடுத்த நொடியில் உளித்தண்டைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ சரசரவென்று சுழன்றது. முடி. நீள முடி.

"ஐயோ, உன் தலை! தலை போச்சு!" என்று அவர் அலறினார். அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வலிக்கவில்லை. வலிக்காதது இன்னும் பயமாக இருந்தது. அவர் எப்படியோ சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பிடித்து இழுத்து, தலை முழுக்கத் தடவிப் பார்த்தார். என் முடி என் தலையில்தான் இருந்தது.

அப்படியானால் இது யாருடையது?

கட்டை சுழல்வது நின்றதும் இருவரும் குனிந்து பார்த்தோம். சிமிழின் உட்சுவரில் துருப்பிடித்த ஒரு பெரிய ஆணி எட்டிப் பார்த்தது. அதன் தலைமாட்டில் மரப்பட்டை உள்ளுக்குள்ளேயே மடிந்து ஒரு சின்னப் பை மாதிரி கிடந்தது. அந்தப் பைக்குள்ளிருந்துதான் முடி வந்திருந்தது. நான் கொடி ஓட்டிய கருநீலத் திட்டு வைரம் இல்லை. இரும்புத் துரு ஊறிய கறை.

என் கணவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "பேய் ஓட்டி அடிச்ச ஆணி" என்றார்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பேய் பிடித்தது என்று சொல்லப்படும் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, ஆணியில் சுற்றி மரத்தில் அறைவார்கள். பேய் மரத்தோடு போய்விடுமாம், மரத்தை வெட்டினால் திரும்பி வந்துவிடுமாம். ஊருக்கு வெளியே புளியமரங்களில் அப்படி ஆணிகள் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுக் கொல்லையில் கேள்விப்பட்டதில்லை. அவர் கற்பூரம் எடுத்துவரச் சொன்னார். எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினார்.

"இதைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவோம். அந்தம்மாகிட்ட கட்டை வெடிச்சுட்டுன்னு சொல்லிடலாம்."

"அவங்க கொலுசு வெள்ளிங்க அதுல இருக்கு. சொல்லாம எப்படி?"

நான்தான் போய்ச் சொன்னேன். சொல்தா வீட்டம்மா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாதி சொல்வதற்குள் எழுந்துவிட்டார்கள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் என்னோடு தெருவில் நடந்தார்கள்.

பட்டறையில் அந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அது அவ்வளவு காலத்துக்குப் பிறகும் கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தது. அப்படியே மரச்சீவல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என் முடி" என்றார்கள். "எனக்குத் தெரியும். இது என் முடி."

பிறகு அவர்கள் சொன்னது இது. பதினாறு வயதில் கல்யாணம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, புருஷன் பட்டாளத்தோடு சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். இவர்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வாசலைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் பேய் என்று முடிவு கட்டினார். கோடாங்கி வந்தான். வேப்பிலை அடியும் உடுக்கைச் சத்தமும் நினைவிருக்கிறது. மயங்கி விழுந்து எழுந்தபோது உச்சியில் ஒரு கொத்து முடி இல்லை. பேயைச் சுடுகாட்டுப் புளியமரத்தில் அறைந்தாகிவிட்டது, இனி அந்தப் பக்கம் போகாதே என்று மாமியார் சொன்னார்.

"நான் இன்னைவரைக்கும் அந்த ரோட்டுப் பக்கம் போனதில்ல தங்கச்சி. எங்கம்மா செத்தன்னைக்குக்கூட சுத்திக்கிட்டுத்தான் போனேன். அது என் கொல்லையிலயா இருந்துச்சு? நான் துணி காயவச்ச மரத்துலயா? என் புள்ளைக்குத் தொட்டில் கட்டுன மரத்துலயா?" முடியை விரலில் சுற்றிக்கொண்டே, "எனக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. புருஷன் கடல் தாண்டிப் போயிட்டாங்க, அழுதேன். அவ்வளவுதான்" என்றார்கள்.

ஆணியைப் பிடுங்கித் தரச் சொன்னார்கள். என் கணவர் குறட்டால் பிடுங்கினார். அந்தம்மா அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். விடவே இல்லை. அவர்களோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்த வீட்டய்யா கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பரை மடியில் விரித்தபடி இருந்தார். ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அந்தம்மா பேப்பரின்மேல் ஆணியை வைத்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எதுல இருந்துச்சு, அடிமரத்துலயா?"

இது என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. அந்தம்மாவுக்கு உடனே உறைத்துவிட்டது. என் மணிக்கட்டில் அவர்கள் பிடி இறுகியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் திரும்பி வந்தப்ப அம்மா சொன்னாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க."

"நீங்க நம்புனீங்களா?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. நம்புனீங்களா?"

"மரத்தை வெட்டிட்டேன்னு நீ சொன்னியே," என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். "அன்னையிலேந்து எனக்குத் தூக்கம் இல்ல. நீ எப்ப மாறுவியோன்னு..."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் முகத்தில் கோபம்கூட இல்லை. யாரோ முகத்தில் தண்ணீரை வீசியடித்தது போல இருந்தது. "ஆஸ்பத்திரியிலேந்து வந்ததுலேந்து கூடத்துலதான் படுக்குறாங்க. புழுக்கமா இருக்குன்னாங்க. நான் விசிறி வச்சுக் குடுத்தேன்" என்று என்னிடம் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்டு, பிள்ளை பெற்று, காலில் எண்ணெய் தேய்த்துவிட்ட மனுஷியைப் பார்த்து அந்த மனிதர் பயந்துகொண்டிருந்திருக்கிறார். என் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது என் கணவரிடம் கேட்டேன். "எனக்கு அப்படி ஒண்ணு நடந்திருந்தா நீங்க நம்புவீங்களா?"

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "காலையில கற்பூரம் கேட்டவன்தானே நான்" என்றார். பிறகு, "நம்பியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். பொய் சொல்லாததற்காக அவரை மெச்ச வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளச் சில நாட்கள் ஆயின.

சிமிழை முடிக்கச் சொல்லி அந்தம்மாவே ஆள் அனுப்பினார்கள். ஆணி இருந்த ஓட்டையை அதே மரத்தின் சிம்பால் அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, மெருகு போட்டுக் கொடுத்தோம். தபாலில் அனுப்பவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் மகளோடு இருந்தார்கள். அந்தக் காலத்தில் சொல்தாய்யா சமையலுக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். ஒருமுறை பட்டறைக்கு வந்து, ஏதோ சொல்ல நினைத்து, ஒரு மத்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்தம்மா திரும்பி வந்தார்கள். அதே வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களுக்குள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் மறுபடி உள்ளறையில் படுத்தார் என்று ஒருநாள் அந்தம்மாவே சொன்னார்கள். "நான்தான் கூப்பிட்டேன். வயசாயிட்டு, கூடத்துல பனி அடிக்குது" என்றார்கள்.

எண்பதுகளின் நடுவில் மகள் லீவுக்கு வந்தாள். தட்டுத்தடுமாறிய தமிழில், சிமிழில் வீட்டுச் சாவியைப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று புரிந்துகொண்டேன். இன்னொன்று வேண்டும், சிநேகிதிக்குக் கொடுக்க, அதே மரம் இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "அடிக்கட்டை கெடக்கு, அனுப்புறேன்" என்றார்கள் அந்தம்மா.

இந்த முறை என் கணவர் ரிப்பேரான ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி நூலில் கட்டி, கட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் காந்தம் அசையவில்லை. கட்டையை நெடுக்காக ரம்பத்தால் பிளந்தார். பாதி பிளந்ததும் ரம்பம் கிறீச்சிட்டது. மரத்தின் நடுத்தண்டுக்குக் கிட்டத்தில், காந்தத்துக்கு எட்டாத ஆழத்தில், ஓர் ஆணி. மரம் வருஷத்துக்கு வருஷம் வெளிப்பக்கமாகத்தான் பருக்கும். இவ்வளவு உள்ளே இருப்பது, மரம் கைப்பிடிக் கனத்தில் இருந்தபோது அடித்ததாக இருக்க வேண்டும். அதில் சுற்றியிருந்த முடி நான் தொட்டதுமே பொடியாக உதிர்ந்துவிட்டது.

அந்தம்மாவை வரவழைத்துக் காட்டினோம். குனிந்து பார்த்தார்கள்.

"வீடு கட்டி மொதல்ல குடிவந்தது எங்க மாமியார்தான்" என்றார்கள். "அவங்களுக்கு முன்னாடி அந்த வீட்டுல வேற பொம்பளையே இல்ல."

அவர்கள் அந்த ஆணியைத் தொடாமல், பிளந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பொருத்தி, மேலே கையை வைத்தார்கள்.

"எங்க அறைஞ்சாங்கன்னு அவங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க தங்கச்சி" என்றார்கள்.