சுவருக்கு அந்தப் பக்கம் போன ஞானராஜ் சார்

குறுவை நெல் வந்து குவிந்திருந்த நேரம். தராசில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தபோது ஞானராஜ் சாரின் மனைவி லில்லி அம்மா போன் செய்தார். "அண்ணே, அவங்க போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு. சாயங்காலம் அடக்கம். சுவருக்கு அந்தப் பக்கம்தான்." மூட்டையை இறக்கச் சொல்லி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுவரைப் பற்றி முதலில் வாயைத் திறந்தவன் நான்.

திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் அவர் பட்டியல் எழுத்தர். நான் எடை போடுபவன். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்காத பகுத்தறிவுக்காரன். என் வாய் அப்படி. களத்தில் நெல் கிடக்க, மழை இருட்டிக்கொண்டு வந்தால் அவர் உதடு முணுமுணுக்கும். "ஜெபம் வந்து தார்ப்பாய் மூடுமா சார்?" என்பேன். "மூடாது தோழரே, அந்த முனையைப் புடிங்க" என்பார்.

கைவைத்து நோய் தீர்க்கும் டிவி பிரசங்கியாரைக் காட்டிக் கேலி செய்தால், என்னைவிட அவருக்குத்தான் ஆத்திரம் வரும். "திருட்டுப்பய. ஆண்டவர் பேரை வச்சுப் பொழைக்கிறான்." புயலில் அவர்கள் கோயில் கூரையே பறந்தபோது, "சொந்த வீட்டையே காப்பாத்திக்கலையே உங்க ஆண்டவர்" என்றேன். ஈவிரக்கமில்லாத பேச்சு. அவர் கோபப்படவில்லை. "ஏன்னு எனக்குத் தெரியலை. தெரியலைங்கிறதுக்காக விட்டுட்டு வந்துடவா? என் சம்சாரம் பண்றதுல பாதி எனக்குப் புரியலை. அவகூடத்தானே இருக்கேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரே ஒருமுறைதான் நின்றது. அவருடைய மாமாவின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் அவர் சாதிக்காரர்கள். அந்தப் பக்கம் காலனிக் கிறிஸ்தவர்கள். மறுநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "எல்லாரும் ஒரே அப்பன் புள்ளைங்கறீங்க. செத்த பிறகும் நடுவுல சுவரு எதுக்கு சார்?" கடையே சிரித்தது. எனக்கு ஜெயித்த குஷி. அவர் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் கோயிலின் அடுத்த பங்குக் கூட்டத்தில் எழுந்து, சுவரை இடிக்க வேண்டும் என்றாராம். பெரிய ரகளை. கூடப்பிறந்த அண்ணனே சட்டையைப் பிடித்திருக்கிறார். "இடிக்கலேன்னா என்னை அந்தப் பக்கம் புதைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு அவர் மகள் கல்யாணத்துக்குச் சொந்தத்தில் ஒருவரும் வரவில்லை. வாசலில் அவர் தனியாக நின்று வரவேற்றதைப் பார்த்தபோது என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

"நான் வேடிக்கைக்குத்தானே சார் கேட்டேன்" என்றேன் ஒருநாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க வேடிக்கைக்குக் கேட்டிருக்கலாம், கேள்வி நியாயமானதாச்சே. எங்க மேல சொல்ற குத்தம் பொய்யா இருந்தா வாயால பதில் சொல்லிடலாம். நெசமா இருந்தா? திருந்தத்தானே வேணும்" என்றார்.

அடக்கத்துக்கு அண்ணன் வரவில்லை. வந்த உறவினர் சிலரும் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் காலனி ஆட்கள். நானும் தோள் கொடுத்தேன், மண் அள்ளிப் போட்டேன்.

எல்லாரும் கலைந்த பிறகு லில்லி அம்மா என்னிடம் வந்தார். "தோழர் மட்டும் கேக்கலேன்னா நான் கடைசிவரைக்கும் கண்ணை மூடிட்டே இருந்திருப்பேன்னு சொல்லுவாங்கண்ணே. உங்க மேல அவ்வளவு மரியாதை." பிறகு கள்ளமில்லாமல் கேட்டார். "உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே சுடுகாடுதானேண்ணே?"

நான் மேலத்தெருக்காரன். எங்களுக்கு ஆற்றங்கரையில் கொட்டகை போட்ட சுடுகாடு, அதுவரைக்கும் சிமெண்டுப் பாதை. காலனிக்காரர்கள் வாய்க்காலைத் தாண்டி, சேற்று வயலில் இறங்கித்தான் பிணத்தைத் தூக்கிப் போக வேண்டும். என் சித்தப்பாவை அந்தச் சிமெண்டுப் பாதையில்தான் கொண்டுபோனோம். ஊர்க் கூட்டத்தில் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஆமாம்மா, ஒண்ணுதான்" என்றேன்.

போய் வாருங்கள் சார். உங்கள் குழிமேட்டில் நின்றுகொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.