காக்காத் தோட்டத்தை யாராவது கேட்டால்

றொசல்லவை நோக்கித் தண்டவாளத்தோரம் நடந்துகொண்டிருந்தேன். ஹட்டன் ஸ்டேசனிலேயே கொழும்பு ரயிலுக்குக் காத்திருந்திருக்கலாம். ஆனால் அங்கே இருந்தால் அக்கா தேடி வருவார், கூப்பிட்டால் திரும்பிப் போய்விடுவேன். அதனால்தான் தூறலில் அடுத்த ஸ்டேசனுக்கு நடந்தேன். வேலையை விடுவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மரக்கறி லொறி, சலூன், டைல்ஸ் ஒட்டுவது என்று எதிலும் நிலைத்ததில்லை. ஒரு ஆளை விட்டுவிட்டு வருகிறோம் என்று நெஞ்சு கனத்தது மட்டும் அன்றைக்குத்தான்.

அக்கா கூடப்பிறந்தவர் அல்ல, கூட வேலை செய்தவர். பேக்கரிக்கு மேலே இருந்த ஒரு அறையில் உட்கார்ந்து, மலைநாட்டு விடுதிகளைப் பற்றி இணையத்துக்கு எழுதிக்கொடுப்போம். நாங்கள் தமிழில் எழுதுவதை ஏஐ இங்கிலீசாக்கும். வாசிக்கப்போவதும் ஏஐதான் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். “மனுசன் வாசிப்பான்னு நெனச்சு எழுதாதீங்க. அவன் ஏஐகிட்ட கேப்பான், அது ஒங்களப் படிச்சிட்டு அவனுக்குச் சொல்லும். பூவு, பனின்னு சோடிக்காம நேராச் சொல்லுங்க.” எனக்கு அது சவத்துக்குச் சட்டை தைப்பது போல இருந்தது. அக்காவுக்கு அப்படி இல்லை. “யாரு எப்ப கேட்டாலும் சொல்லுமா, சேர்? எழுதப் படிக்கத் தெரியாதவங்க வாயால கேட்டாலும் சொல்லுமா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

ஏன் கேட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய தங்கையைச் சின்ன வயதிலேயே கொழும்பில் வீட்டு வேலைக்குக் கூட்டிப் போனார்கள். அந்த வீட்டார் இடம் மாறியதோடு தொடர்பு விட்டுப்போனது. எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். கடதாசியில் வெள்ளைக்காரன் வைத்தது, வாயில் நம் ஆட்கள் வைத்தது. தங்கைக்குத் தெரிந்ததெல்லாம் தாங்கள் பிறந்த இடம் காக்காத் தோட்டம் என்பதுதான். அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அக்கா ஏஐயிடம் கேட்டுப் பார்த்தார். அது இந்தியாவில் எங்கோ ஒரு காட்டைக் காட்டியது. “கழுத, கடல் தாண்டிப் போயிருச்சு பாரு” என்று சிரித்தார்.

அன்றிலிருந்து விடுதிப் பக்கங்களின் அடியில் அவர் தன் வரிகளையும் சேர்த்தார். காக்காத் தோட்டம் எது, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது, கீழ் லயத்து வரிசை வீடுகளில் எந்தக் காம்பரா, அங்கே இன்னும் யார் காத்திருக்கிறார்கள். அலங்காரம் எதுவும் இல்லை, முதலாளி சொன்னபடி நேராகவே எழுதினார். அவர் எழுதும்போது உதடு அசையும். எதிரே யாரோ நின்று கேட்பதுபோல மெதுவாகச் சொல்லிச் சொல்லி எழுதுவார். இப்போதும் ஃபோனைக் கையில் எடுத்தால் அந்த உதடுதான் நினைவுக்கு வருகிறது.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரச் சோடி, விடுதிப் பக்கத்தில் இருந்த எங்கள் விலாசத்தைத் தேடிப் பெட்டியோடு மாடியேறி வந்தது. அருவிப் பக்கம் அறை எங்கே என்று கேட்டதற்கு, கீழ் லயத்தில் அக்கா காத்திருக்கிறார் என்று ஏஐ சொல்லியிருக்கிறது. நாங்கள் அடக்கமாட்டாமல் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. “ரூம் கேட்டா ஒன் தங்கச்சி கதயவா சொல்லும்?” என்று அக்காவிடம் கத்திவிட்டு, அவர் சேர்த்த வரிகளையெல்லாம் அழிக்கும்படி என்னிடம் சொன்னார். முடியாது என்று எழுந்தேன். அக்கா என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “நான் அழிக்கிறேன் சேர்.” என்னிடம் தணிந்த குரலில், “நான் இங்க இருந்தாத்தான தம்பி திரும்ப எழுதலாம்” என்றார். அழிக்கும்போதும் உதடு அசைந்தது. பார்க்க முடியாமல் படியிறங்கித் தண்டவாளத்தோரம் நடந்தேன்.

மறுநாள் காலை கொழும்பில் கூட்டாளி இரண்டு வேலை சொன்னான்: ஹோட்டலில் கோப்பை கழுவுவது, வீடுவீடாகக் கேஸ் சிலிண்டர் கொடுப்பது. இரண்டாவதை எடுத்தேன். கேஸ்காரனை முன்வாசலால் விடமாட்டார்கள், நேரே பின்பக்கக் குசினிக்குத்தான், வீட்டு வேலைக்கு இருப்பவர்கள் சமைக்கும் இடத்துக்கு. முதல் வீட்டில் பின்கதவைத் திறந்த அம்மாவுக்கு அக்காவின் வயது இருக்கும். காக்காத் தோட்டம் தெரியுமா என்று கேட்டேன். அவர் உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

“தெரியாது தம்பி, நான் கொத்மலப் பக்கம். ஏன், எங்க ஆளுக யாராச்சும் தேடுறாங்களா?”

சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, எழுதிக்கொள்ள ஃபோனை எடுத்து, அவருடைய தோட்டத்தின் பெயரைக் கேட்டேன்.